பாராகுவாட் - ஒரு களைக்கொல்லியின் கதை

வயல் வேலைகளில் எது சிரமம் என்று கேட்டால் உழவு, நாற்று நடவு, அறுவடை என்று வரிசையாகச் சொல்வார்கள். களையெடுப்பு கடைசியில்தான் வரும். ஆனால் கூலிக் கணக்கு எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பணத்தை மெல்ல மெல்லத் தின்பது அதுதான். ஒருமுறை எடுத்தால் போதாது, மழை பெய்தால் மறுபடியும் முளைக்கும். நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் குனிகிறார்கள்.

இந்த வேலையை ஒரே மாலையில் முடித்துக் கொடுக்கும் ஒரு திரவம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அப்படிக் கிடைத்த ஒன்றின் வரலாறுதான் இது. பெயர் பாராகுவாட். கடைகளில் பல ஆண்டுகள் கிராமக்சோன் என்ற பெயரில் விற்றது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது போன்ற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: "மருந்து". "மருந்தடிக்கப் போறேன்" என்பார்கள். கொல்வதற்காகவே செய்யப்பட்ட பொருளுக்கு மருந்து என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழில் களைநாசினி என்கிறார்கள். அது கொஞ்சம் நேர்மையான சொல்.

ஆய்வகச் சாயம் களைக்கொல்லி ஆனது

பாராகுவாட்டை முதலில் தயாரித்தவர்களுக்குக் களையைப் பற்றிய எண்ணமே கிடையாது. 1882-ல் வெய்டல், ருஸ்ஸோ என்ற இரு வேதியியலாளர்கள் இதை உருவாக்கினார்கள். அதன்பின் அரை நூற்றாண்டு அது எதற்கும் பயன்படவில்லை. 1933-ல் லியோனோர் மைக்கேலிஸ் என்பவர் இதை மறுபடி கையில் எடுத்தார். உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாடு நினைவிருக்கும், அதே மைக்கேலிஸ்தான். இந்தப் பொருள் ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்டால் நிறமற்ற கரைசல் ஊதா கலந்த நீலமாக மாறுவதை அவர் பார்த்தார். அதனால் வயலோஜன் என்று பெயரிட்டார். வேதிவினைகளில் எலக்ட்ரான் கை மாறுகிறதா என்று காட்டும் ஒரு நிறங்காட்டி, அவ்வளவுதான் அப்போதைய உபயோகம்.

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் ஜெலாட்ஸ் ஹில் என்று ஓர் இடம். 1926-ல் நான்கு பெரிய ரசாயன நிறுவனங்கள் இணைந்து உருவான ஐ.சி.ஐ. நிறுவனத்தின் விவசாய ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எம்.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியைக் கண்டுபிடித்ததில் அந்த நிலையத்துக்குப் பங்குண்டு. அது அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும், கோதுமை போன்ற புல் வகைப் பயிர்களை விட்டுவிடும். 1955 வாக்கில் வில்லியம் பூன் என்பவரின் குழு வேறு விதமான ஒன்றைக் கண்டது. நைட்ரஜன் அணுவில் நேர்மின்சுமை தாங்கிய சில உப்புகள் பட்ட இடமெல்லாம் பச்சை இலைகளைக் கருக்கின. முதலில் டைகுவாட், அடுத்துப் பாராகுவாட். மைக்கேலிஸின் அதே வயலோஜன்தான். 1962-ல் கிராமக்சோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

இந்தப் பகுதி கொஞ்சம் அறிவியல். ஆனால் பின்னால் வரும் அத்தனை சண்டைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

சூரிய ஒளி பட்டதும் இலைக்குள் எலக்ட்ரான்கள் ஒரு சங்கிலியாகக் கைமாறிப் போகின்றன. செடி உணவு தயாரிப்பது இந்த ஓட்டத்தால்தான். அந்த ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பாராகுவாட் குறுக்கே புகுந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியதைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடி வரிசையில் வந்து நிற்கும். தான் அழியாமலேயே இதை ஆயிரக்கணக்கான முறை செய்யும். எலக்ட்ரான் பெற்ற ஆக்சிஜன் சூப்பராக்சைடு என்ற வெறிபிடித்த வடிவமாகி, செல்களின் சவ்வுகளைக் கிழித்துவிடும். காலையில் அடித்தால் நல்ல வெயிலில் சாயங்காலமே இலை வாடிக் கருகிவிடும். வெயில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம்.

இரண்டாவது குணம் இன்னும் முக்கியமானது. மண்ணில் விழுந்த நொடியிலேயே பாராகுவாட் செயலிழந்துவிடும். களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை, பாராகுவாட் நேர்மின்சுமை கொண்டது. இரண்டும் இறுக ஒட்டிக்கொள்ளும், பிறகு வேரால் அதை உறிஞ்ச முடியாது. அதாவது இன்று அடித்துவிட்டு நாளைக்கே அதே நிலத்தில் விதைக்கலாம். மரத்தின் பட்டை பழுப்பாக முற்றியிருந்தால் அதன் மேல் பட்டாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அடித்து அரை மணி நேரத்தில் மழை வந்தாலும் வீணாகாது.

வெப்ப மண்டலத் தோட்ட முதலாளிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ரப்பர், தேயிலை, காப்பி, செம்பனை, வாழை என்று பாராகுவாட் பரவியது இதனால்தான். வயல் விவசாயத்திலும் அது ஒரு பெரிய மாற்றத்துக்குக் கதவு திறந்தது. மனிதன் நிலத்தை உழுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று களையைப் புரட்டிப் போடுவது. களையை ரசாயனம் கருக்கிவிடும், மண்ணிலும் விஷம் வேலை செய்யாது என்றால் உழவே வேண்டியதில்லையே? பிரேசிலின் பரனா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழையில் தன் மேல்மண் அடித்துக்கொண்டு போவதைப் பொறுக்க முடியாமல் 1972-ல் உழாமல் விதைக்கத் தொடங்கினார். பின்னாளில் பிரேசிலில் கோடிக்கணக்கான ஏக்கரில் பரவிய முறை அது. கிளைபோசேட் மலிவாகக் கிடைக்காத அந்தத் தொடக்க வருடங்களில் பாராகுவாட்தான் கைகொடுத்தது. மண்ணைக் காப்பாற்றிய பெருமையில் ஒரு பங்கு இந்த விஷத்துக்கும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

நுரையீரல்

விற்பனைக்கு வந்து நான்கே ஆண்டுகளில், 1966-ல், தற்செயலாகப் பாராகுவாட்டை விழுங்கி இறந்த இருவரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் பிறகு பல நாடுகளில் இருந்தும் இதே போன்ற செய்திகள். அப்போதைய கரைசல் பழுப்பு நிறம். மீதியானதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதும், அதை வேறொருவர் தாகத்தில் எடுத்துக் குடிப்பதும் திரும்பத் திரும்ப நடந்தது.

பாராகுவாட் உடலுக்குள் செய்வதும் இலைக்குள் செய்ததையேதான். எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. ஆக்சிஜன் அதிகமாக இருக்கும் உறுப்பு நுரையீரல். போதாக்குறைக்கு, நுரையீரல் செல்கள் பாலிஅமீன் என்ற பொருள்களை உள்ளே இழுக்க ஒரு வழி வைத்திருக்கின்றன. பாராகுவாட்டின் வடிவம் அவற்றை ஒத்திருப்பதால் அந்த வழியாகவே உள்ளே போய்ச் சேர்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நுரையீரலில் சேர்ந்துவிடும். சிறுநீரகமும் பழுதாகும். நோயாளி முதலில் ஓரளவு நன்றாகவே இருப்பார், பேசுவார், மனம் மாறியிருப்பார், பிழைத்துக்கொள்வோம் என்று நம்புவார். பிறகு நாட்கள் செல்லச் செல்ல நுரையீரல் தழும்பேறி இறுகும். மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுப்பது எந்த மருத்துவமனையிலும் முதல் வேலை. இங்கே ஆக்சிஜன் கொடுத்தால் விஷம் இன்னும் வேகமாக வேலை செய்யும்! மாற்று மருந்து கிடையாது. டயாலிசிஸ், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் என்று பலவற்றை முயன்று பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, ஒரு மிடறு போதும் உயிர் போக என்றே எச்சரிக்கை வாசகம் எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவு கொடியது என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் மிகக் கொடிய முதல் வகுப்பில் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. இரண்டாம் வகுப்பு, அதாவது "மிதமான ஆபத்து". காரணம், அந்த வகுப்புகள் எலிகளை வைத்துப் போடப்பட்டவை. எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்பதுதான் அளவுகோல். மனிதர்கள் பாராகுவாட்டைத் தாங்கும் அளவு எலிகளுக்கு உள்ளதைவிடக் குறைவு. இந்தியாவில் பூச்சிக்கொல்லி பாட்டில்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறமிட்ட அடையாளம் இருக்கும். பாராகுவாட்டுக்குச் சிவப்பு இல்லை, மஞ்சள்.

இந்த எலிக்கணக்கு வெறும் காகித விவகாரம் அல்ல என்பது இலங்கையின் கதையைப் பார்க்கும்போது விளங்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சரியான அளவில் தண்ணீரில் கலந்து, கையுறை, காலணி, முகக் கவசம் எல்லாம் அணிந்து தெளிப்பவர் உடனே சாவதில்லை. தோல் காயமில்லாமல் இருந்தால் உள்ளே போகும் அளவு குறைவு. தெளிப்பான் உண்டாக்கும் துளிகளும் நுரையீரலின் ஆழம் வரை போக முடியாத அளவுக்குப் பெரியவை. தயாரிப்பாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த வாதம் இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் "எல்லாம் அணிந்து" என்ற அந்த இரண்டு சொற்களை யார் நிறைவேற்றுவது? மே மாத வெயிலில் ரப்பர் உடை அணிந்து தெளிக்கும் கூலித் தொழிலாளியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒழுகும் தெளிப்பானை முதுகில் சுமந்து, லுங்கியோடு, வெறுங்காலோடு தெளிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

மலாயாத் தோட்டங்கள்

1960-களிலேயே மலாயாவின் தோட்டங்களில் தெளிப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தோல் எரிச்சல், கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், நகம் சிதைவது ஆகியவை அப்போதே பதிவாகிவிட்டன. அந்தத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும் மருந்தடித்தவர்களும் பெரும் பகுதி யார் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் மருந்தடிக்கும் வேலை பெண்கள் தலையிலேயே விழுந்தது, அவர்களிலும் தமிழ்ப் பெண்கள் ஏராளம்.

தெனாகானித்தா என்ற மலேசியப் பெண்கள் அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து 2002-ல் இந்தத் தெளிப்புப் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. தோட்ட நிறுவனங்கள் விடவில்லை. மாற்றுக் களைக்கொல்லிகள் விலை அதிகம், இளம் செம்பனைக்கு ஒத்துவராது என்று வாதாடின. 2006-ல் தடை தளர்ந்தது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1-ல்தான். முதல் அறிவிப்புக்கும் கடைசித் தடைக்கும் நடுவே கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் செம்பனை எண்ணெய் வியாபாரம் நன்றாகவே நடந்தது. தெளித்த பெண்களின் நகங்களுக்கு எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் ஒரு வரி ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

வாந்தி மருந்து

விபத்துச் சாவுகள் பெருகியதும் ஐ.சி.ஐ. சும்மா இருக்கவில்லை. குடிக்கத் தோன்றாதபடி நீலச் சாயம் சேர்த்தது, குமட்டும் நாற்றம் சேர்த்தது. 1977 முதல் வாந்தி வரவைக்கும் பி.பி.796 என்ற பொருளையும் கலந்தது. இதன் பூர்வீகமே வேடிக்கை. அதே நிறுவனத்தின் மருந்துப் பிரிவு ஆஸ்துமாவுக்காகச் சோதித்துப் பார்த்த பொருள் அது, சோதனையில் கலந்துகொண்டவர்கள் வாந்தி எடுத்ததால் கைவிடப்பட்டது. ஒரு பிரிவின் தோல்வி இன்னொரு பிரிவுக்குச் சரக்கானது.

அந்த வாந்தி மருந்தின் அளவு போதுமானதா என்பதுதான் பிற்காலத்துச் சர்ச்சை. அந்த நிறுவனத்தில் நச்சியல் வல்லுநராக இருந்த ஜான் ஹெய்லிங்ஸ், அளவு மிகக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டது, ஆரம்பத் தரவுகளைத் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று 1990-லேயே உள்ளுக்குள் எழுதினார். 2021-ல் அந்த ஆவணங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. நிறுவனம் இந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. வாந்தியை அதிகப்படுத்துவது மட்டும் தீர்வாகாது, அதற்கும் மருத்துவக் கேடுகள் உண்டு என்பது அதன் தரப்பு.

2000-களில் வேறொரு முயற்சியும் நடந்தது. வயிற்றில் போனதும் கூழாக இறுகும் ஒரு பொருளையும் கூடுதல் வாந்தி மருந்தையும் சேர்த்து இன்டியான் என்ற புதுக் கலவை வந்தது. அதை இலங்கையில் விற்று, மருத்துவமனைகளில் விளைவைக் கவனித்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது: பழைய கலவையைக் குடித்தவர்களில் 100-க்கு 27 பேர் பிழைத்தார்கள், புதிய கலவையில் 37 பேர். முன்னேற்றம்தான். ஆனால் மீதி 63 பேர்?

இலங்கை செய்தது

1995-ல் இலங்கையின் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. போர் ஒருபுறம் இருந்தது. ஆனால் தற்கொலைகளில் பெரும்பகுதி போர்முனையில் நடக்கவில்லை, விவசாய வீடுகளின் பின்கட்டில் இருந்த பாட்டிலால் நடந்தது. ஒரு சண்டை, ஒரு அவமானம், ஒரு கடன். கையெட்டும் தூரத்தில் பாட்டில். திட்டமிட்டுச் சாக நினைத்தவர்கள் அவர்களில் குறைவு, கோபத்தில் எடுத்துக் குடித்தவர்கள் அதிகம் என்பது மருத்துவர்கள் நோயாளிகளிடம் பேசிக் கண்டது.

இலங்கையில் 1980-லேயே பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது, அதற்கென்று ஒரு பதிவாளர் பதவியும் இருந்தது. 1984-ல் பாரத்தியான் போன்றவற்றை நிறுத்தினார்கள். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் வகுப்பு விஷங்கள் மொத்தமும் போயின. 1998-ல் எண்டோசல்பான் போனது. 2005-ல் விகிதம் 24 ஆகப் பாதியாகியிருந்தது. 1996 முதல் 2005 வரையிலான பத்து ஆண்டுகளில், அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளைவிட ஏறத்தாழ 20,000 தற்கொலைகள் குறைவு என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகை அது.

இவ்வளவுக்கும் பாராகுவாட் அசையவில்லை. ஏன் என்று இப்போது ஊகிக்கலாம். அது இரண்டாம் வகுப்பாயிற்றே! எலிகளின் சான்றிதழ் அதைக் காப்பாற்றி வந்தது. அதற்குள் மருத்துவர்கள் வேறு ஒரு வேலை செய்தார்கள். மைக்கேல் எட்டில்ஸ்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இலங்கையின் மாவட்ட மருத்துவமனைகளில் விஷம் குடித்து வந்த ஆயிரக்கணக்கானோரை வரிசையாகப் பதிவு செய்து, எந்தப் பொருளைக் குடித்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மனிதக் கணக்கையே எடுத்தார்கள். பாராகுவாட்டில் 100-க்கு 40-க்கு மேல். அதே இரண்டாம் வகுப்பில் இருந்த பல பொருள்களில் இறப்பு இதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. எலிக்கணக்கும் மனிதக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பது எழுத்தில் வந்துவிட்டது.

2008-ல் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் மூன்றையும் மூன்று ஆண்டுகளில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. பாராகுவாட்டின் செறிவை முதலில் 6.5 சதவீதமாகக் குறைத்து, 2011-க்குள் முற்றிலும் நீக்கினார்கள். தேயிலை அழியும், நெல் விளைச்சல் விழும் என்ற பயமுறுத்தல்கள் வழக்கம்போல வந்தன. 2017-ல் வெளியான ஆய்வின்படி 2011-க்கும் 2015-க்கும் இடையே பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் பாதியாகக் குறைந்தன, மொத்தத் தற்கொலையும் 21 சதவீதம் குறைந்தது. விளைச்சலில் தடையால் வந்த வீழ்ச்சி எதுவும் தெரியவில்லை.

இது ஒரு தீவின் அதிர்ஷ்டமா என்றால், பசிபிக்கில் உள்ள சமோவாவைப் பார்க்கலாம். 1970-களின் தொடக்கத்தில் அங்கே பாராகுவாட் நுழைந்தது, தற்கொலைகள் ஏறிக்கொண்டே போய் 1981-ல் உச்சம் தொட்டன. அந்த நேரம் அரசிடம் காசில்லை, இறக்குமதி சுருங்கியது. தற்கொலைகளும் சுருங்கின. யாரும் திட்டமிடாத சோதனை அது. தென்கொரியா 2011-ல் பதிவை ரத்து செய்து 2012-ல் விற்பனையை நிறுத்தியது. 2013-க்குள் பூச்சிக்கொல்லித் தற்கொலை ஏறக்குறைய பாதி. அங்கும் விளைச்சல் குறையவில்லை. "சாக நினைப்பவன் வேறு வழி தேடிக்கொள்வான்" என்று சொல்பவர்கள் இந்த மூன்று நாட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இலங்கை விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதே நாடுதான் 2021-ல் ரசாயன உரங்களையும் பூச்சிக்கொல்லிகளையும் ஒரே நாளில் தடை செய்து, விளைச்சல் விழுந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்கள் உண்டு. ஒன்று, மருத்துவமனைப் பதிவேட்டை வைத்து, மாற்று இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக, முப்பது ஆண்டுகள் செய்த வேலை. மற்றது ஓர் இரவு உத்தரவு.

கம்பெனிகளும் நீதிமன்றமும்

ஐ.சி.ஐ. 1993-ல் தன் மருந்து, விவசாய ரசாயனப் பிரிவுகளை செனெகா என்று பிரித்தது. 2000-ல் அதன் விவசாயப் பகுதியும் நோவார்ட்டிஸின் விவசாயப் பகுதியும் சேர்ந்து சின்ஜென்டா ஆனது. 2017-ல் சீன அரசு நிறுவனமான கெம்சைனா அதை 43 பில்லியன் டாலருக்கு வாங்கியது. காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் அதற்கு முன்பே சீனத் தொழிற்சாலைகள் பாராகுவாட்டைக் குவித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. அதே சீனா 2016-ல் தன் உள்நாட்டில் கரைசல் வடிவ விற்பனையை நிறுத்தியது.

ஐரோப்பாவில் சுவீடன் 1983-லேயே தடை செய்துவிட்டது. பின்லாந்தும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கும் பிறகு சேர்ந்துகொண்டன. ஆனால் 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் அனுமதி கொடுத்தார்கள். சுவீடன் வழக்குப் போட்டது. 2007 ஜூலை 11-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியைச் செல்லாது என்றது. தொழிலாளர்களுக்கு ஏற்படும் பாதிப்பையும் பார்கின்சன் நோயோடு உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளையும் ஒழுங்காகப் பரிசீலிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின் பிரிட்டன் விவசாயிகளும் பாராகுவாட் தெளிக்க முடியாது. ஆனால் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டு தொழிற்சாலையில் ஏற்றுமதிக்கான தயாரிப்பு அதன் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. தன் வீட்டில் ஆகாத பண்டம் அடுத்த வீட்டுக்கு ஆகும் என்பது எந்த ஊர் நியாயமோ.

பார்கின்சன் தொடர்பு அமெரிக்காவில் பெரிய வழக்காகவே மாறியது. 2011-ல் வந்த ஓர் ஆய்வு, பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஆதாரம் போதாது என்று சொல்லி 2021-ல் அனுமதியை நீட்டித்தது. ஆயிரக்கணக்கான விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். காரணகாரியம் முழுமையாக நிறுவப்பட்டது என்று சொல்ல முடியாது, நிறுவனம் கடைசி வரை மறுத்தது. ஆனால் 2025-ல் பெரும் பகுதி வழக்குகளுக்கு சமரசம் பேசத் தயாரானது.

இந்தியா

தாய்லாந்து, பிரேசில் இரண்டும் 2020-ல் நிறுத்தின, வியட்நாம் அதற்கும் முன்பே. இந்தியாவில் பாராகுவாட் 24 சதவீதக் கரைசலாகப் பதிவானது. குறிப்பிட்ட சில பயிர்களுக்குத்தான் ஒப்புதல், ஆனால் கடையில் வாங்குபவரிடம் எந்தப் பயிருக்கு என்று கேட்பவர் யார்? கேரளா 2011-ல் வேறு பல விஷங்களோடு இதையும் தடை செய்தது. ஒடிசாவின் புர்லா மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், வார்டில் அடுத்தடுத்து நோயாளிகள் இறப்பதைப் பார்த்துப் பார்த்து 2019-ல் தடை கேட்டு உண்ணாவிரதமே இருந்தார்கள். மருத்துவர்கள் சம்பளத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ போராடிப் பார்த்திருக்கிறோம், ஒரு களைக்கொல்லிக்கு எதிராக இருந்தது அபூர்வம்.

மாநில அரசு நினைத்தால் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டம் 27-ஆம் பிரிவில் மாநிலங்களுக்குக் கொடுத்த அதிகாரம் 60 நாள் தற்காலிகத் தடை மட்டும். தமிழ்நாடு 2023-ல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளை நிறுத்தியபோதும் அதே 60 நாள்தான். அந்த ஆறில் பாராகுவாட் இல்லை. நிரந்தரமாக நீக்குவது டெல்லியின் கையில்.

டெல்லி சர்வதேச மேடையில் என்ன செய்தது என்பதும் பதிவில் இருக்கிறது. ஆபத்தான ரசாயனங்களுக்கான ரோட்டர்டாம் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் ஏறினால் தடை ஆகிவிடாது. ஏற்றுமதி செய்யும் நாடு முன்கூட்டித் தகவல் சொல்லி, வாங்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவே. பாராகுவாட்டின் 20 சதவீதக் கரைசலைச் சேர்க்கும்படி புர்கினா பாசோ என்ற சின்ன ஆப்பிரிக்க நாடு கேட்டது. நிபுணர் குழு ஒப்புக்கொண்டது. ஆனால் ஒருமித்த கருத்து வேண்டும் என்பது விதி. 2013-ல் எதிர்த்தவர்களில் குவாதமாலாவும் இந்தியாவும் இருந்தன. அதற்குப் பிறகு நடந்த கூட்டம் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் எதிர்த்தார்கள்.

2025-ல் ஜெனீவாவில் மறுபடி கூடினார்கள். இலங்கை 2008-ல் ஒன்றாக நிறுத்த முடிவெடுத்த மூன்றில் ஒன்றான ஃபென்தியானின் செறிவான கலவை அந்தக் கூட்டத்தில் பட்டியலில் ஏறியது. பாராகுவாட் ஏறவில்லை.